வாரம் ஒரு வீட்டுக்குத் தொலைநோக்கி

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக வளைய சூரிய கிரகணம் கடந்துபோனது. கொங்கு மக்கள் ஊரைவிட்டு நகராமலே சூரியன் மோதிரமானதைப் பார்க்க வாய்த்த நாள் அது. இப்படி ஒரு நாள் வந்தால் நம் அறிவியல் அமைப்புகள் மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, வரிசையில் வருபவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் வரிசையில் நிற்பவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். வானியல் அரை நிமிடத்தில் பிடிபடுகிற சங்கதி இல்லை. கலிலியோ 1610 ஜனவரி 7ஆம் தேதி வியாழனுக்கு அருகே மூன்று புள்ளிகளைக் கண்டார். அவை வெறும் நட்சத்திரங்கள் என்றே முதலில் நினைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியபடி இருக்கவே, நான்காவது ஒன்றும் தென்படவே, வியாழனைச் சுற்றும் நிலாக்கள் அவை என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. அந்த முதல் இரவோடு அவர் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கண்டுபிடிப்பே இல்லை. ஆகவே பொதுமக்களுக்கு வானத்தைக் காட்ட விரும்பும் குழுக்கள், தொலைநோக்கியைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு விழா நடத்துவதோடு நிற்காமல், அதை நூலகத்தில் இரவலுக்கு வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வானியல் சங்கம் 2008இல் இதைத் தொடங்கியது. இன்று அந்த மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களில் புத்தகத்தைப் போலவே தொலைநோக்கியும் இரவல் கிடைக்கிறது. வேறு பல இடங்களின் சங்கங்களும் அதைப் பின்பற்றுகின்றன. அவர்கள் தேர்ந்தெடுத்தது நாலரை அங்குலக் குழியாடி கொண்ட, மேசைமேல் வைத்துப் பார்க்கும் சிறு கருவி. எடை ஆறு கிலோ அளவு, அன்றைய விலை சுமார் 200 டாலர். இருட்டில் விரிந்த நம் கண்மணியைவிட அந்த ஆடி இருநூற்றைம்பது மடங்குக்கும் மேல் ஒளியை அள்ளுகிறது. இத்தகைய கருவியைத் தாங்கும் எளிய சுழல்பீடத்தை உலகெங்கும் பரப்பியவர் ஜான் டாப்சன். அவர் 1944 முதல் இருபத்து மூன்று ஆண்டுகள் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர் என்பது நம்மவர்கள் ரசிக்கக்கூடிய செய்தி. கருவியை வாங்கியபடியே நூலகத்துக்குக் கொடுக்காமல் பல திருத்தங்களைச் செய்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். பல ஐபீஸ்களுக்கு (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளுக்கு) பதிலாக, குவியத் தூரத்தை 8 முதல் 24 மில்லிமீட்டர் வரை திருகி மாற்றக்கூடிய ஒற்றை ஐபீஸைக் கழற்ற முடியாதபடி பூட்டினார்கள். மூடிகளைக் கயிற்றால் கட்டினார்கள். புதிதாகத் தொடுபவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி சில பக்கக் கையேட்டைக் கருவியோடு இணைத்தார்கள். உருப்பெருக்கம் 19 முதல் 56 மடங்கு. கலிலியோவின் கையில் இருந்தது ஏறத்தாழ இருபது மடங்குதான். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நிலாக்கள், சனியின் வளையம் எல்லாம் இதில் தெரியும்.

இதற்கு நூலகம் எதற்கு, பள்ளிக்கே கொடுக்கலாமே என்று கேட்கலாம். பள்ளிக் கருவி பீரோவுக்குள் போனால், சாவி வைத்திருப்பவர் மாற்றலாகும்போது அதுவும் மறந்துபோகும். நூலகத்தின் தொழிலே பொருளை வெளியே அனுப்பித் திரும்பப் பெறுவது. அதற்கான பதிவேடும் உறுப்பினர் அட்டையும் தாமதக் கட்டணமும் அங்கே ஏற்கெனவே உண்டு. நம் மாநிலத்தில் அந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்ததும் கொங்கு நாட்டுக்காரர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை உருவாக்கிய தி. சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இன்றும் சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரி கட்டுகிறோம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த சீர்காழி ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர். நூல் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதைத் தன் ஐந்து நூலகவியல் விதிகளில் முதலாவதாக வைத்தார். 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியிலேயே நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அந்த மரபில் வந்த நூலகத்துக்குத் தொலைநோக்கியை வீட்டுக்கு அனுப்புவது புதுமையாகத் தெரியலாம், அந்நியமாகத் தெரியாது.

உடைந்துபோகும், காணாமல் போகும் என்பது முதல் மறுப்பு. நியாயமானதுதான், நூலகரின் தலையில் பொறுப்பைக் கட்டும் நன்கொடையை அவர் பயந்து பீரோவிலேயே வைப்பார். நியூ ஹாம்ப்ஷயரில் இதற்கு வழி கண்டார்கள்: ஒவ்வொரு கருவிக்கும் சங்க உறுப்பினர் ஒருவரை வளர்ப்புப் பெற்றோராக நியமித்தார்கள். அவர் அவ்வப்போது போய்த் துடைத்து, ஆடியின் கோணத்தைச் சரிசெய்து, பேட்டரி மாற்றி வருகிறார். என் கணக்கில் இந்த ஆள்தான் உண்மையான நன்கொடை. குழாயும் ஆடியும் அதற்குப் பின்னால்தான். ஆள் இல்லாமல் கருவி மட்டும் கொடுக்க வரும் குழுவிடம் நூலகர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இன்னொரு பாடமும் உண்டு. கருவிக்காக அவர்கள் நம்பியிருந்த ஓரியன் நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. வேறு நிறுவனக் கருவிகளும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் திட்டம் நிற்கவில்லை. நாமும் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை: பம்பு செட்டும் கிரைண்டரும் செய்து பழகிய கோவைக்கு, பிளைவுட் பீடமும் குழாயும் உதிரித் திருகுகளும் பெரிய வேலையே அல்ல. ஆடியை மட்டும் வெளியே வாங்கிக்கொண்டால் போதும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். எச்சரிக்கை ஒட்டுவதோடு இது தீராது. உறுப்பினரான பெரியவர் ஒருவர் நேரில் வந்து, செய்முறை விளக்கம் கேட்டு, கையெழுத்துப் போட்டபின்தான் கருவி வெளியே போக வேண்டும். பிள்ளைகள் பெயரில் கொடுக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மற்றபடி, கைபேசியிலேயே இதைவிட நல்ல படங்கள் கிடைக்கின்றனவே என்பவர்கள், படம் பார்ப்பதையும் தானே தேடிக் கண்டுபிடிப்பதையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். கோவை நகர வெளிச்சத்தில் என்ன தெரியும் என்பதற்குப் பதில் எளிது: நிலாவுக்கும் கோள்களுக்கும் தெருவிளக்கு பெரிய தடையில்லை. மங்கலான விண்மீன் கூட்டங்களுக்குத்தான் தடை. மேகம் மட்டும் உண்மையான தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வரும் மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கருவி பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால் தை முதல் பங்குனி வரை இரவல் காலத்தை ஒரு வாரத்தோடு நிறுத்தி, அதிகம் பேருக்குச் சுற்றில் விட வேண்டும்.

வானியல் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் கருவியைக் கோவை மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள். தாளவாடி, அந்தியூர் போன்ற ஊர்களின் நூலகத்துக்குக் கொடுங்கள். அங்கே வானம் இருட்டு, விழா நடத்தப் போகிறவர்கள் குறைவு. மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவர ஓர் ஆளின் பெயரை, கருவியைக் கொடுக்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.