மேனகாவும் அவள் நாத்திமாரும்

துப்பறியும் நாவலென்றால் நமது இல்லங்களில் பெரியோர் முகம் சுளிப்பது வழக்கம். "பாடப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிறான், ஸார்!" என்று நம்மிடம் முறையிடாத தகப்பனார் மதுரையில் அபூர்வம். நாமோ உபாத்தியாயர். ஆயினும், ஒளித்து வைத்த புஸ்தகம் வடுவூர் துரைசாமி ஐயங்காருடையதாயிருந்தால் பையன் கட்சியில்தான் சேர வேண்டியிருக்கிறது.

வடுவூராரின் துப்பறியும் திகம்பர சாமியார் ஒரே கதையோடு ஓய்வு பெறுகிறவரல்லர். நாவலுக்கு நாவல் திரும்பி வருவார். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும் அப்படியே. புது மண்டபத்தில் தையற்காரர்களுக்கு நடுவே புஸ்தகக் கடைகள் இருந்த நாளில், இத்தகைய நாவல்களுக்காகவே அங்கே நடையாய் நடந்தவர்கள் உண்டு.

ஆனால் 1923-இல் வெளிவந்த 'மேனகா'வில் நம்மைப் பிடித்து நிறுத்துவது துப்பு அன்று, மனிதர்கள். தஞ்சை டிப்டி கலெக்டரின் மகள் மேனகா; வக்கீல் வராகசாமி அவள் கணவன். விதவைகளான நாத்திமார் பெருந்தேவியும் கோமளமும் அவளைப் படுத்தும் பாடு பக்கம் பக்கமாக நீள்கிறது. கதை நகரவில்லையே என்று இளைஞர் அலுத்துக்கொள்வர். நகராத அப்பக்கங்களிலேதான், வாசிக்கும் மருமகப் பெண் தன் வீட்டுக் கூடத்தையே காண்கிறாள்.

ஆசிரியர் அந்நாத்திமாரிடம் தயை காட்டவில்லை. அது நமக்குச் சம்மதமில்லை. 1937-ஆம் வருஷத்துச் சொத்துரிமைச் சட்டம் வரும்வரை, கூட்டுக் குடும்பத்துச் சொத்தில் இறந்த கணவனின் பங்கு விதவைக்குச் சேராது, ஜீவனாம்சம் மட்டுமே. தம்பி வீட்டுச் சோற்றை நம்பியிருப்பவளுக்குத் தம்பி மனைவி எப்படித் தோன்றுவாள்? இந்தத் துப்பை மட்டும் நாமே துலக்கிக்கொள்ள வேண்டும்.

மதுரைக்கும் இக்கதைக்கும் உறவு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இங்கே தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்களே, கந்தசாமி முதலியார் நாடகமாக்கிய மேனகாவைப் பிற்காலத்தில் மேடையில் நடித்தார்கள். 1935-இல் ராஜா சாண்டோ அதைப் படமாக்கினார். 'கும்பகோணம் வக்கீ'லும் 1950-இல் 'திகம்பர சாமியார்' என்ற படமாயிற்று. பின்னாளில் வில்லனென்று பெயரெடுத்த நம்பியார்தான் அதில் சாமியார்!

முதலில் மேனகாவைப் படியுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்கலாம். வர்ணனைகள் நீண்டால் இரண்டொரு பக்கம் தள்ளினாலும் பாதகமில்லை. நாத்திமார் பேசும் இடத்தில் மட்டும் ஒரு வரியையும் விடவேண்டாம்.