ரயில் ஏற்றிவிடும் சிநேகிதர்கள்

மும்பை தாராவி, சயான் பக்கத் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் ஒரே அறைதான். தகப்பனார் வேலை முடிந்து திரும்ப இரவாகிவிடும். தாயாரும் நாலு வீட்டு வேலைக்குப் போய்விடுவார். வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டைவிடச் சந்துமுனைதான் பழக்கம். யோசனை சொல்ல அங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

பத்தாவது படிக்கும் பெண்ணும் காலேஜில் சேர்ந்த பையனும் பார்த்துச் சிரித்துக்கொள்வது புதிதல்ல. பெரும்பாலும் பரீட்சை வந்தால் மறந்துபோகும். மறக்க விடாதவர்கள் கூட்டாளிகள்தான்.

"என்னடா, இன்னும் பேசலையா?" என்று ஆரம்பிப்பார்கள். பேசிவிட்டால், "கூட்டிக்கிட்டுப் போக தைரியம் இருக்கா?" என்பார்கள். அந்தப் பக்கம் தோழி ஒருத்தி ரகசியமாகத் தன் போனைக் கொடுப்பாள். ஆசை பாதி, 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டத்துக்குப் பயம் பாதி. ஆளுக்கு நூறு, இருநூறு போட்டுத் தாதரில் ரயில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிவிட்டவர்கள் மறுநாள் வழக்கம்போல் படிக்கப் போகிறார்கள்.

1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படம், ஜோடி ஊரைவிட்டுப் போவதோடு முடிந்தது. மறுநாள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று காட்டவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

கலியாண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இது 1978-ல் வந்த திருத்தம். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயது ஆகாதவரின் சம்மதம் சம்மதமே அல்ல. "அவளேதான் வந்தாள்" என்றாலும், கோயிலில் தாலி கட்டினாலும் தப்ப முடியாது. பையனுக்கு 18 முடிந்திருந்து, உடலுறவும் நடந்தது என்று நிரூபணமானால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 10 ஆண்டு சிறை. பெண்ணுக்கு 16 ஆகவில்லை என்றால் 20 ஆண்டு. பையனுக்கும் 18 ஆகவில்லை என்றால், சிறார் நீதி வாரியத்தின் முன் நிற்க வேண்டும்.

டிக்கெட் எடுத்துக்கொடுத்த சிநேகிதன் மீதும் கடத்தலுக்கு உடந்தை என்று வழக்கு வரலாம். கடத்தலுக்குத் தண்டனை 7 ஆண்டு வரை. இரு வீட்டாரும் பிறகு ராசியானாலும் வழக்கு தானாக நின்றுவிடாது.

விஷயம் தெரிந்ததும் பெண்ணை அடித்து, ஊருக்கு அனுப்பி, அவசரமாக வேறொருவனுக்குக் கட்டிவைக்கும் தகப்பனார்களும் உண்டு. பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் அதுவும் குற்றமே. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அடிக்குப் பயந்தே ரயில் ஏறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் ரயிலில் போய்விட்டார்கள் என்று தெரிந்தால், 139-க்குப் போன் செய்து ரயில்வே போலீஸாருக்குச் சொல்லலாம். குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் சொல்லப் பயப்படும் பிள்ளைகளும் அந்த எண்ணில் தாங்களே பேசலாம்.