நரம்பு என்னும் ஒரு சொல்

நரம்பு என்னுஞ் சொல் யாழின் தந்தியையும், அதிற் பிறக்கும் சுரத்தையும், உடலில் ஓடும் நாரையும் குறிக்கும். பல்லாண்டு மாணாக்கருக்கு இதனைக் கற்பித்தேன். அதன் பொருளை நான் உணர்ந்ததோ கை நொந்த பின்னரே.

வீணை வாசிப்போர் இடக்கை விரலால் மெட்டின்மேல் தந்தியை அழுத்துவர். கமகத்துக்காக அதனைப் பக்கமாக இழுப்பர். வலியைப் பொருட்படுத்தாது நாடோறும் இரண்டு மணி நேரம் இவ்வாறு பயின்றேன். ஈற்றில், வகுப்பிற் புத்தகம் ஏந்தவும் மணிக்கட்டு மறுத்தது. வைத்தியர் ஓய்வு விதித்தார். நான்கு மாதம் வீணை உறைக்குள் உறங்கிற்று. அளவு கடந்து முறுக்கிய தந்தி அறும் என்பதை அறிந்த நான், என் கையை மட்டும் ஏன் முறுக்கினேன்?

அந்நாட்களில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பாரின் வரலாற்றைப் படித்தேன். 1928இல், அவரது 18ஆம் வயதில், பாரிஸ் நகரருகே அவர் வசித்த வண்டிவீடு தீப்பற்றியது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கின. எஞ்சிய இரு விரல்களுக்கு ஏற்பக் கிற்றார் வாசிப்பைப் புதிதாக வகுத்துக்கொண்டார். 1934இல் பாரிஸில் அமைந்த ஐவர் குழுவினால் உலகப் புகழ் எய்தினார். முடங்கிய விரல்களோடு அவர் போராடவில்லை. இயன்ற விரல்களிடம் பாடங் கேட்டார்.

இப்பொழுது காலையிற் பத்து நிமிடமே பயில்கின்றேன். சரளி வரிசை, அதுவும் முதற்காலத்தில். வலி எழுமுன் நிறுத்திவிடுகின்றேன். ஐம்பது கடந்த பண்டிதர் சிறுவர் பாடம் வாசிப்பதைக் கேட்டு அயலார் நகைப்பர், நகைக்கட்டும். சென்ற வெள்ளிக்கிழமை, மாயாமாளவகௌளையின் ரிஷபம் ஒருமுறை நோவின்றி ஒலித்தது. அன்றைக்கு அது போதுமானதாயிருந்தது.