தேத்தாங்கொட்டை தெளியவைத்த தண்ணீர்

நாட்டு மருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். சட்டைப் பொத்தான் அளவு, வெளிறிய மஞ்சள் நிறம், உருண்டையும் தட்டையுமாக இருக்கும். பல்லுக்கு அசையாது.

மழை பெய்து இரண்டு நாள் ஆன ஏரித் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் எடுத்து வைத்தேன். இரண்டும் டீ நிறத்தில் இருந்தன. ஒரு கொட்டையைக் கல்லில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இழைத்தேன். சந்தனம் போல வெள்ளையாக விழுது வந்தது. அதை ஒரு டம்ளரில் மட்டும் விட்டு, மெதுவாகக் கலக்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் திரிதிரியாக ஏதோ சேரத் தொடங்கியது. காலையில் பார்த்தால், அடியில் மெல்லிய சேற்றுப் படிவு. மேலே இருந்த தண்ணீர் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது. கொட்டை சேராத டம்ளர் கலங்கலாகவே நின்றது.

நடந்தது இதுதான். களிமண்ணின் நுண்துகள்கள் எதிர்மின் தன்மை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை எளிதில் படிவதில்லை. தேத்தாங்கொட்டையில், அதாவது தேற்றா மரத்தின் விதையில், உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள் ஒரு துகளையும் இன்னொன்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. துகள்கள் திரண்டு, கனத்து, அடியில் இறங்கிவிடுகின்றன. தெளிந்துவிட்டது என்பதற்காக அப்படியே குடித்துவிடக் கூடாது; கிருமி இருக்கும், காய்ச்ச வேண்டும்.

கலித்தொகையில் ஒரு பெண்ணின் கலங்கிய மனம் தெளிந்ததைச் சொல்ல, புலவர் இந்தக் கொட்டையைத்தான் உவமையாக எடுத்தார். விளக்கம் ஏதும் தரவில்லை. கேட்டவர்களின் வீட்டுப் பானையிலேயே அது நடந்துகொண்டிருந்தது. இன்று தேர்வுக்காக அந்த உவமையைப் படிக்கும் மாணவியிடம், தேற்றா மரத்தைக் காட்டு என்றால் என்ன செய்வாள்? அவள் ஆசிரியரும் நானும்கூடத் திகைத்துத்தான் நின்றிருப்போம்.

கண்ணெதிரே நிற்கும் செடிகொடிகள் கவனத்தில் ஏறாமல் போகும் இந்த நிலைக்கு, ஜேம்ஸ் வான்டர்சீ, எலிசபெத் ஷுஸ்லர் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1990-களின் கடைசியில் ‘தாவரக் குருடு’ என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். பார்வையற்றவர்களைப் புண்படுத்தும் சொல் என்பதால் இப்போது பலர் அதைத் தவிர்க்கிறார்கள், அதுவே சரி. ஆனால் அவர்கள் சுட்டிய குறை உண்மையானது. செடிகள் அசைவது குறைவு, நெருக்கமாக நிற்கின்றன, எல்லாம் ஒரே பச்சை. அசைவையும் நிறமாற்றத்தையும் தேடிப் பழகிய கண் அவற்றைத் திரைச்சீலை போல ஒதுக்கிவிடுகிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படங்களை மின்னல் வேகத்தில் அடுத்தடுத்துக் காட்டியபோது, பங்கேற்றவர்கள் விலங்குகளைக் கண்டுகொண்ட அளவுக்குச் செடிகளைக் கண்டுகொள்ளவில்லை.

இருந்தாலும், கண்ணை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஆடு மேய்க்கும் ஆயாவுக்கும் அதே கண்தானே? எந்தத் தழையை ஆடு கடிக்கும், எதை முகர்ந்துவிட்டு விலகும் என்று அவர் நூறடி தள்ளி நின்றே சொல்வார். கை பழகிய செடி கண்ணுக்கும் தெரிகிறது. கை விட்ட செடி முதலில் பெயரை இழக்கிறது, பிறகு இடத்தையும் இழக்கிறது.

அப்படி இடத்தை இழக்காமல் தப்பிய செடிகளும் உண்டு. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாகாத, கிழக்குக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. வீரை, காயா, காட்டு எலுமிச்சை எல்லாம் இந்தக் காட்டு வகையைச் சேர்ந்தவை. ஐயனாரின் மரத்தில் கை வைக்கக் கூடாது என்ற அச்சம்தான் இதைக் காத்தது, வேலி காக்கவில்லை. இதே வட்டாரத்தில் 1968-இல் ஆரோவில் நகரம் தொடங்கியபோது, அது அமைந்த மேடு பொட்டல் செம்மண்ணாக, மழைநீர் அரித்த ஓடைகளாகக் கிடந்தது. முதலில் வேகமாக வளரும் அயல் மரங்களை நட்டார்கள். நிழல் விழுந்து மண் கொஞ்சம் தேறியதும் இந்த மண்ணின் மரங்களைத் தேடிப் புறப்பட்டபோது, விதை இருந்த இடங்கள் இப்படிப்பட்ட கோயில் காடுகள்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அங்கே உள்ள பிச்சாண்டிக்குளம் காட்டை 1973 முதல் வளர்த்தவர்கள், எந்தச் செடி எதற்கு என்று கற்க ஊர் வைத்தியர்களிடம் போனார்கள். பிறகு கழுவெளி ஏரிப் பக்கத்து நடுக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து சுற்றுச்சூழல் கல்வி மையம் உருவானது.

பள்ளி வளாகத்து மரங்களில் பெயர்ப் பலகை அடிப்பதை நாம் சுற்றுச்சூழல் கல்வி என்கிறோம். ஆணி ஏறிய மரத்தைப் பிள்ளைகள் கடந்து போகிறார்கள், அவ்வளவே. ஒரே மரத்திடம் வாராவாரம் போய் நிற்பது வேறு விதமான கல்வி. ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் அதைத்தான் செய்கிறார்கள். பங்கேற்பவர்களில் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். தளிர் உண்டா, மொட்டு எத்தனை, பூவா, காயா, பழமா என்று ஒவ்வொரு வாரமும் குறிக்கிறார்கள். விஷுப் பண்டிகைக்கு வெகு முன்பே பூத்துவிடும் கொன்றைகள் அந்தப் பதிவுகளில் தென்படுகின்றன. வெயிலும் மழையும் முறை மாறுவதை மரம் எப்படி உணர்கிறது என்று ஆராய்பவர்களுக்கு, பத்து வயதுப் பிள்ளையின் குறிப்பும் தரவுதான்.

நம் பள்ளியிலும் நாளைக்கே இதைத் தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, இலை, பூ, காய் என்று கோடு போடுங்கள். கடைசியில் இன்னொரு கட்டம் விடுங்கள்: பெயர் சொன்னது யார்? கூகுள் என்று எழுதும் முன்பு, பிள்ளை தெருவில் நாலு பேரிடம் கேட்டுவரட்டும். ஒருவர் களா என்பார், இன்னொருவர் கலாக்காய் என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும், சொன்னவர் பெயரோடு.