கோலமாவும் கம்ப்யூட்டர் மொழியும்

'இலக்கணம்' என்றதும் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா ஞாபகம் வந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது, லேபில் நம்மைப் படாதபாடு படுத்தும் 'சி' மொழியின் இலக்கணம் பற்றி. நம்ம தாம்பரத்தில் ஒரு ஆராய்ச்சிக் குழு, வாசல் கோலத்தை வைத்து அந்த மாதிரி இலக்கணத்தை ஆராய்ந்த கதையும் கூட வரும்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அப்பா ஏரியில் இறால் பிடிப்பவர், அம்மா கூடையில் மீன் விற்பவர். வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதல் வருடம் பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டேன். திரையில் வரிசையாகப் பதினோரு எர்ரர்! அத்தனையும் இங்கிலீஷில். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவளுக்கு எப்படி இருக்கும்? 'இது நமக்கு ஒத்து வராது, நின்னுடலாம்' என்றே முடிவு செய்தேன்.

ஒரு தப்புக்கு ஏன் பதினோரு எர்ரர்? கம்பைலர் நம் மனசில் இருப்பதைப் படிப்பதில்லை. 'இதற்கு அடுத்து இதுதான் வரலாம்' என்ற விதிகளை வைத்துக்கொண்டு எதிர்பார்த்தபடியே வருகிறது. எதிர்பார்த்தது வராவிட்டால், தான் எங்கே நிற்கிறோம் என்பதையே தொலைத்துவிடும். அப்புறம் சரியான வரியும் அதற்குத் தப்பாகத் தெரியும். கோலத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு இழுத்தால் கடைசி வரை எல்லாம் கோணிப்போகிறதே, அந்த மாதிரிதான்.

இந்த விதிகளுக்குத்தான் இலக்கணம் என்று பெயர். 1950களில் நோம் சாம்ஸ்கி மனித மொழிகளுக்காக இதைக் கணக்கு மாதிரி எழுதிக் காட்டினார். 1959இல் ஜான் பேக்கஸ் கம்ப்யூட்டர் மொழிக்கு இதே போன்ற ஒரு முறையைக் கொண்டுவந்தார். 1960இல் பீட்டர் நௌர் பதிப்பித்த அல்கால் மொழி அறிக்கை அந்த முறையில்தான் எழுதப்பட்டது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சைக்கும் வரும். எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை.

ஒரு நாள் விடியற்காலை. அம்மா மணல் வாசலில் சாணி தெளித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுச் சின்னம்மா, "என்ன கோலம்க்கா?" என்று கேட்டார். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நேர்ப்புள்ளி ஏழு, ரெண்டு பக்கமும் ஒண்ணுல நிறுத்து." சின்னம்மா வாசலில் மளமளவென்று 25 புள்ளிகள் விழுந்தன. நடுவில் 7, மேலே 5, 3, 1, கீழே 5, 3, 1. ஒன்பது என்று சொல்லியிருந்தால் 41 விழுந்திருக்கும். ஒரே வரியில் எத்தனை பெரிய கோலத்துக்கும் உத்தரவு!

இதையே இரண்டு விதியாக எழுதலாம். ஒன்று: ஒரு புள்ளி, ஒரு கோலம். இரண்டு: ஒரு கோலத்தைச் சுற்றி ஒரு சுற்றுப் புள்ளி வைத்தால் அதுவும் கோலம். 1, 5, 13, 25, 41 என்று வளர்ந்துகொண்டே போகும். 'சி' மொழியில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வருவதும் இப்படித்தான். எத்தனை திறந்தோமோ அத்தனை மூட வேண்டும், கோலம் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏறின அளவுக்கு இறங்குவதைப் போல.

இதைச் சொன்னபோது எங்கள் சார் சிரிக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். அங்கே புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து 1974இல் கோலத்தின் இலக்கணம் பற்றி ஒரு சர்வதேச இதழில் கட்டுரை எழுதினார்கள். எழுத்து ஒரே வரியாக ஓடும், படம் நீளத்திலும் அகலத்திலும் பரவும். அதுதான் சிக்கல். ஓரிடத்தில் மட்டும் வளர்த்தால் படம் பிய்ந்துவிடும். அதற்கு அவர்கள் கையாண்ட ஒரு வழி: முதலில் மேல் வரிசையை முழுக்க உண்டாக்கு, பிறகு எல்லாப் பத்திகளையும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கு. எங்கள் ஊரில் கரைவலை இழுப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் வேகமாக இழுத்தால் வலை என்ன ஆகும்?

கோலங்களை அவர்கள் வகையும் பிரித்தார்கள். அளவு மாறாதது ஒரு வகை. ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வளர்வது இன்னொன்று. இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போக வேண்டியது மூன்றாவது. கம்பைலர் பாடத்தில் வரும் பிரிவுகளும் இவையே! கமலா கிருத்திவாசன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். கிஃப்ட் சிரோமணி 1988இலும் ராணி சிரோமணி 2019இலும் காலமானார்கள். 2002இல் அமெரிக்காவில் மார்சியா ஆஷர் என்ற கணித அறிஞர் இவர்கள் வேலையைப் பற்றி விரிவாக எழுதினார்.

என் அம்மா என்னைக் கோலம் போட விட்டதே இல்லை. "அத நான் பாத்துக்கறேன், நீ போயி படி" என்பார். இப்போது படிப்பதற்காகவே அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன்!

போன மாதம் அம்மாவின் அந்த ஒரு வரியை 'சி'யில் எழுதினேன். நடுவிலிருந்து இரண்டிரண்டாகக் குறைத்து, ஒன்று வந்ததும் நில். ஏழு கொடுத்தால் சரியாக வந்தது. எட்டு கொடுத்தேன், நிற்கவே இல்லை. திரை ஓடிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடம், "எட்டுப் புள்ளி வச்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "எட்டு எப்படிடீ ஒண்ணுல நிக்கும்? ரெண்டுலதான் நிக்கும்."

திங்கட்கிழமை லேபில் நிபந்தனையை மாற்றினேன்: ஒன்றுக்குக் கீழே போகப் போனால் நில். எட்டு கொடுத்தேன். 32 புள்ளி வந்து நின்றது.