கொரிய மொழிப் பரீட்சையும் தமிழ் மாணவரும்

பிறமொழி ஒன்றைக் கற்றுவிட்டேன் என்று ஒருவர் தாமே கூறிக்கொள்வது வேறு. கற்றார் என்று அம்மொழிக்குரியார் ஒப்புக்கொள்வது வேறு. தாய்மொழியிற் பரீட்சை எழுதுவார்க்கு விடை தெரியாவிடினும் வினாவாவது விளங்கும். அயன்மொழியில் எழுதுவார்க்கோ வினாவை விளங்கிக்கொள்வதே முதற் சோதனையாகும். இச்சோதனைக்குத் தம்மை உட்படுத்தும் இளைஞர் இன்று உலகெங்கும் பலர். அவருள் கொரிய மொழிப் பரீட்சைக்குத் தோற்றுவாரும் ஒரு பெருந்தொகையினர். நம் நாட்டு இளைஞரும் அத்தொகையுள் அடங்குவர். ஆதலின், அப்பரீட்சையின் இயல்பு யாது, தமிழ் கற்றார்க்கு அதன்கண் எளியன எவை, அரியன எவை என்பவற்றை ஈண்டு ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

பரீட்சையின் அமைப்பு

கொரிய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்குரிய பொதுப் பரீட்சை 1997ஆம் ஆண்டிலே தொடங்கியது. இக்காலத்தில் அதனை 'டொபிக்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்குவர். அதன் தரங்கள் ஆறு. 2014ஆம் ஆண்டு செய்யப்பட்ட மாற்றத்தின்பின், முதலிரு தரங்களுக்கு ஒரு வினாத்தாளும், மூன்று முதல் ஆறு வரையுள்ள தரங்களுக்கு மற்றொரு வினாத்தாளும் அமைந்துள்ளன. நம்மவர் நன்கறிந்த பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்னும் பரீட்சைகள் போலப் படிக்கொரு பரீட்சை அங்கில்லை. மேல்நிலைப் பரீட்சைக்குத் தோற்றுவார் யாவரும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதுவர். 300 புள்ளிகளுள் 120 பெற்றார் மூன்றாந் தரத்தினர். 150 பெற்றார் நான்காந் தரத்தினர். 190 பெற்றார் ஐந்தாந் தரத்தினர். 230ஐ எட்டினார் ஆறாந் தரத்தினர். பெற்ற சான்றிதழும் இரண்டாண்டுக் காலமே செல்லும். மொழி பழகாதவழித் தேயும் என்பதை இவ்விதி நன்கு உணர்ந்து வகுத்ததுபோலும்.

மேல்நிலைப் பரீட்சை கேட்டல், எழுதுதல், படித்தல் என மூன்று கூறாகும். கேட்டலுக்கு 50 வினாக்களும் 60 நிமிடமும். எழுதுதலுக்கு நான்கு வினாக்களும் 50 நிமிடமும். படித்தலுக்கு 50 வினாக்களும் 70 நிமிடமும் உரியன. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமும் கிடையாது. தமிழ்ச் செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கண்டு மகிழும் பழக்கமுடையார் அங்கே அவ்வாறு நின்று சுவைப்பாராயின், வினாத்தாளின் கடைப்பகுதியைக் காணாமலே எழுந்து வரவேண்டியதாகும். பேசுந்திறனை அளக்கும் பரீட்சை 2022ஆம் ஆண்டு முதல் தனியே நடத்தப்பட்டு வருகின்றது.

எழுத்தும் ஒலியும்

கொரிய எழுத்தாகிய ஹங்குல், பிறந்த காலமும் படைத்தவர் பெயரும் அறியப்பட்ட எழுத்து. செஜோங் என்னும் அரசர் 1443இல் அதனை ஆக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். சீன எழுத்தைக் கல்லாத எளிய மக்களும் தம் கருத்தை எழுதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1444இல் அரசவைப் புலவர் சிலர் அதனை எதிர்த்து விண்ணப்பஞ் செய்தனர், அரசர் இசைந்தாரல்லர். அன்று 28 ஆயிருந்த எழுத்துக்கள் இன்று 24 ஆகும். அவற்றுள் மெய் 14, உயிர் 10.

நா அடியண்ணத்தை அடைக்கும் நிலை ககரத்துக்கும், நாநுனி மேலே ஒற்றும் நிலை நகரத்துக்கும், வாயின் வடிவம் மகரத்துக்கும் வரிவடிவாயின. எழுத்துக்களின் பிறப்பிடத்தை ஆராய்ந்த தொல்காப்பியப் பிறப்பியலைப் பாடங்கேட்ட மாணவர்க்கு இஃது எத்துணை உவகை தருவதாகும்! நாம் பிறப்பிடத்தை இலக்கணமாக ஓதினோம்; அவர் அதனையே எழுத்தாக வரைந்தனர்.

தமிழர்க்கு இவ்வொலிகளுள் எளியனவும் உள, அரியனவும் உள. தமிழிலே ககரம் ஒன்றே 'காடு' என்பதன் முதலில் ஓரோசையாயும், 'தங்கம்' என்பதன் இடையில் வேறோசையாயும் ஒலிக்கின்றது. கொரிய ககரமும் அவ்வாறே. தளபாடத்தைக் குறிக்கும் 'ககு' என்னும் சொல்லில் முதற் ககரம் வலிந்தும் இரண்டாவது மெலிந்தும் ஒலிக்கும். மேனாட்டு மாணவர் இதனை விதியாகக் கற்று முயன்று பழகுவர். நமக்கோ அது பிறப்போடு வந்தது. இன்னும், இதழ் குவியாது ஒலிக்கும் உகரம் ஒன்று கொரிய மொழியில் உண்டு. 'பாட்டு', 'வீடு' என்பவற்றின் ஈற்றில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு அது மிக அணித்தானது. 

அரியது யாதெனின், தகரம் முதலியன மூவகைப்படுதல். இயல்பாக ஒலிப்பது ஒன்று. மூச்சு மிகுந்து ஒலிப்பது ஒன்று. மிடற்றை இறுக்கி ஒலிப்பது ஒன்று. திங்களைக் குறிக்கும் சொல்லும், முகமூடியைக் குறிக்கும் சொல்லும், மகளைக் குறிக்கும் சொல்லும் இவ்வேறுபாடொன்றாலேயே வேறுபடுவன. மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதின் 'தல்' என்னும் ஒரு வடிவமே எஞ்சும். ஆகவே, கொரியச் சொற்களைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுதி மனனஞ் செய்வார், கேட்டற் பகுதியில் மகளைத் திங்களாக்கிவிடுவர். முதல் வாரத்திலேயே ஹங்குலைக் கற்று, தமிழெழுத்தைக் கைவிடுதலே தக்க வழி.

புணர்ச்சியும் ஓர் இடர். நாம் புணர்ச்சி விகாரத்தைப் பெரும்பாலும் எழுதிக் காட்டுவோம். கொரியர் சொல்லின் மூலவடிவை எழுதி, விகாரத்தை வாயால் மட்டும் ஒலிப்பர். 'சின்ரா' என்று எழுதப்படும் பழைய அரசின் பெயர் 'சில்லா' என்று ஒலிக்கும். கொரிய மொழியைக் குறிக்கும் 'ஹங்குக்மல்' என்பது, வடமொழியில் வாக் மயம் வாங்மயம் ஆனாற்போல, 'ஹங்குங்மல்' என ஒலிக்கும். கண்ணாற் கற்ற சொல் காதில் வேறாய் விழுதலின், கண்ணும் காதும் ஒருங்கு பழகல் வேண்டும்.

சொல்லும் தொடரும்

தொடரமைப்பில் தமிழ் மாணவர் பெறும் நன்மை பெரிது. எழுவாய் முன்னும் செயப்படுபொருள் இடையும் பயனிலை கடையுமாக நிற்றல், பெயரின்பின் உருபு சேர்தல், பெயரெச்சம் பெயர்க்கு முன் வருதல் ஆகியன இரு மொழிக்கும் பொது. ஐயுருபுக்கு நிகராக மெய்யீற்றின்பின் 'உல்' என்பதும், உயிரீற்றின்பின் 'ருல்' என்பதும் வரும். நீண்டதொரு கொரிய வாக்கியத்தை ஆங்கிலங் கற்றார் பின்னிருந்து முன்னாகப் பிரித்துப் பொருள்கொள்வர். தமிழர் நிரலே சென்று பொருள்கொள்ளலாம்.

ஆயினும் எழுவாய்க்கு உருபில்லாத மொழி நம்முடையது. கொரிய மொழியிலோ எழுவாயுருபு உண்டு. அதனின் வேறாக, எடுத்த பொருளைச் சுட்டும் இடைச்சொல்லும் உண்டு. 'மழை வந்தது' என்று புதிதாகச் செய்தி கூறுமிடத்து முன்னது வரும்; 'மழையோ நின்றுவிட்டது' என வேறுபடுத்திக் கூறுமிடத்துப் பின்னது வரும். நம் ஓகாரத்தைக்கொண்டு இவ்வேறுபாட்டை ஓரளவு விளக்கலாம்.

எண்ணுப் பெயரும் இருவகை. மணியைக் கூறுங்கால் நாட்டு எண்ணும், நிமிடத்தைக் கூறுங்காற் சீனவழி எண்ணும் வரும். மூன்றரை மணி என்பதில் மூன்று 'செ' எனவும், முப்பது நிமிடம் என்பதில் மூன்று 'சம்' எனவும் நிற்கும். மேற்றரங்களிற் செல்லச் செல்லச் சீனவழிச் சொற்கள் மிகும். சீன, யப்பானிய மாணவர் ஆங்கே விரைந்து செல்வர்; நம்மவர் ஒவ்வொரு சொல்லையும் உழைத்தே பெறல் வேண்டும்.

இவ்வமைப்பு ஒற்றுமையைக் கண்டு, இரு மொழியும் ஒரு தாய் வயிற்றன என்று முடிவுகட்டுதல் ஆகாது. 1886இல் கொரியா சென்று ஆசிரியராய்ப் பணிபுரிந்த ஹல்பேர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். அப்பா, அம்மா என்னும் முறைப்பெயர்களின் ஒப்புமையும் இன்று பலராற் பேசப்படுகின்றது. ஆனால் அவ்வுறவை இக்கால மொழிநூலார் நிறுவப்பட்டதாகக் கொள்வதில்லை. குழவியின் வாயில் முதற்றோன்றும் ஒலிகள் பல மொழிகளில் முறைப்பெயராதல் இயல்பு. உறவு இல்லாவிடினும் ஒப்புமை கற்பார்க்கு உதவும். மாணவர்க்கு அதுவே போதும்.

எழுதும் தமிழும் எழுதும் கொரியமும்

பரீட்சையில் மிகுதியானோரை வருத்துவது எழுதுதல். முதலிரு வினாக்கள் விடுபட்ட இடத்தை நிரப்புவன. பத்துப் பத்துப் புள்ளிகள். மூன்றாவது, தந்த விவரங்களைக்கொண்டு 200 முதல் 300 எழுத்துக்களில் வரைவது, 30 புள்ளிகள். நான்காவது, 600 முதல் 700 எழுத்துக்களில் அமையும் கட்டுரை, 50 புள்ளிகள். விடைத்தாள் கட்டமிட்டது; கட்டத்துக்கு ஓரசை. நமக்கு 'கண்' என்பது ஈரெழுத்து. அவர்க்கு அத்தகைய அசை ஒரு கட்டத்துள் அடங்கும்.

எம்மிடந் தமிழ் பயின்று பின் சியோல் நகரிற் கற்கச் சென்ற மாணவர் ஒருவர், தாம் முதன்முறை எழுதிய கட்டுரைக்குப் பெற்ற புள்ளி மிகக் குறைவாயிருந்தது என எமக்கு எழுதினார். கருத்துப் பிழையன்று, வாக்கியப் பிழையும் அதிகமில்லை. கடையிலும் வீதியிலும் பணிவோடு பேசப் பழகிய முடிபுகளையே கட்டுரை முழுதும் பெய்துவிட்டார். கொரிய மொழியில் கேட்பாரின் தகுதி நோக்கி வினைமுடிபு வேறுபடும். மூத்தார் உண்டலுக்கும் உறங்கலுக்கும் தனிச்சொற்கள் உள. தன்னைத் தாழ்த்திக் கூறும் தன்மைப்பெயரும் உண்டு. ஆனால் கட்டுரையோ முன்னிற்பார் ஒருவரையும் நோக்காதது. ஆதலின் அதற்குப் பணிவுமில்லாத, பணிவின்மையுமில்லாத தனி எழுத்துநடை உரியது. வீதியில் மரியாதையாய் நின்றது கட்டுரையில் வழுவாயிற்று.

இதனை அவருக்கு விளக்குதல் அரிதாயிருக்கவில்லை. "தம்பி, நீர் வீட்டிற் பேசும் தமிழைப் பரீட்சைத் தாளில் எழுதினீரா?" என்று கேட்டெழுதினேம். அவ்வொரு வினாவே போதுமாயிற்று. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெவ்வேறாய் நிற்கும் மொழியிற் பிறந்தவன், பிறமொழியில் அவ்வேறுபாட்டை எளிதில் உணர்வான். அடுத்த முறை தோற்றி அவர் ஐந்தாந் தரத்திற் சித்தியடைந்தார். செந்தமிழ் பயின்றதனால் வந்த பயன்களுள் இதுவும் ஒன்று.

உயிரொடு பட்ட மொழி

இனி, நம் நாட்டு இளைஞரிற் பலர் தோற்றுவது மேற்கூறிய பரீட்சையன்று. கொரியா 2004இல் தொடங்கிய வேலையனுமதித் திட்டத்தின்கீழ்த் தொழிலாளரை அனுப்ப முதற்கண் உடன்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அத்திட்டத்துக்கெனத் தனிமொழிப் பரீட்சை ஒன்று உண்டு. கேட்டலும் படித்தலுமே அதன் கூறுகள், கட்டுரை இல்லை. குறைந்த எல்லைப் புள்ளியைப் பெறுதல் மட்டும் போதாது. கூடிய புள்ளி பெற்றாரே முன்வைத்துத் தெரிவு செய்யப்படுவர். அதன்பின்னும் அங்குள்ள தொழிலதிபர் ஒருவர் தேர்ந்தாலன்றிப் பயணம் இல்லை. கடன்பட்டுக் கற்கும் இளைஞர்க்கு இது சிறிய சோதனையன்று.

அதனாலேயே விடைகளை மட்டும் கிளிபோல் மனனஞ் செய்யும் வழக்கம் தோன்றுகின்றது. இதனை ஆசிரியர் கடிந்து விலக்கல் வேண்டும். தொழிற்சாலையிலும் கடலிலும் வேலை செய்வானுக்கு மொழி அணிகலன் அன்று, கவசம். 'விஹொம்' என்றால் ஆபத்து; 'சோசிம்' என்றால் எச்சரிக்கை; 'கும்ஜி' என்றால் செய்யற்க என்பது. இயந்திரத்தின் அருகே நிற்பவனுக்கு இச்சொல் காதில் விழுந்த அக்கணமே பொருள்பட வேண்டும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள அங்கே நேரம் இராது. பரீட்சையிற் பிழைபட்டால் புள்ளி போகும்; பணியிடத்திற் பிழைபட்டால் விரல் போகும், உயிரும் போகும்.

ஆகவே தமிழ் ஆசிரியர்க்கு ஒரு கடமை உளது. தமிழிலக்கணத்தை அடியாகக்கொண்டு கொரிய இலக்கணத்தை விளக்கும் நூல்கள் எத்துணை வரினும் மிகையாகா. குற்றியலுகரமும் வேற்றுமையுருபும் பெயரெச்சமும் அறிந்த மாணவனை, ஆங்கில வழியிலே சுற்றி அழைத்துச் செல்லுதல் வீண் உழைப்பு. அவன் கையிலுள்ள விளக்கைத் தூண்டிவிட்டாலே வழி தெரியும். கொரியமறிந்த இளைஞரும் தமிழிலக்கணமறிந்த ஆசிரியரும் ஒருங்கிருந்து முயல்வாராயின் இஃது ஓரிரு ஆண்டில் முடியக்கூடிய பணியே. எளிய மக்கள் எழுத வேண்டும் என்றெண்ணி எழுத்தாக்கினான் ஓர் அரசன். எளிய வீட்டுப் பிள்ளைகள் அவ்வெழுத்தை நம்பிக் கடல் கடக்கும் இந்நாளில், அவர்க்கு ஓர் இலக்கணச் சிறுநூலேனும் எழுதிக் கொடுத்தல் நம்மால் இயலாததன்று.