ஃப்ரீசருக்குள் ஒரு மூஸ்

ரெஃப்ரிஜிரேஷன் பாடத்தில் ‘லேட்டன்ட் ஹீட்’ படித்தோமே, அது அலாஸ்கா வேட்டைக்காரர் வீட்டில் என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

மூஸ் என்பது நம்ம ஊர் எருமையை விட உயரமான மான். லைசென்ஸ் வாங்கி ஒன்றை வேட்டையாடினால், எலும்பு நீக்கிய கறியே சுமார் 225 கிலோ தேறும். கன அடிக்கு 16 கிலோ வீதம் 15 கன அடி ஃப்ரீசர் போதும். இடக் கணக்கு சரிதான். ஆனா வெப்பக் கணக்கு?

இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதை 10 டிகிரியிலிருந்து 0-க்குக் கொண்டுவர எடுக்கும் வெப்பத்தைப் போல சுமார் ஏழு மடங்கை, உறைய வைப்பதற்கு எடுத்தாக வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் ஒரு நாளைக்குக் கன அடிக்கு 1.35 கிலோவுக்கு மேல் புதிதாக வைக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் நாளைக்கு 20 கிலோ; மொத்தத்துக்கும் 11 நாளுக்கு மேல்! அவசரப்பட்டு எல்லாத்தையும் திணிச்சா, நடுவில் இருக்கிற பொட்டலம் உறையறதுக்குள்ளே கெட ஆரம்பிச்சிடும். கெடாவிட்டாலும், மெதுவாக உறைவதால் பனிப் படிகம் பெரிதாகி நார் கிழியும். உருகும்போது சாறு வடிந்துவிடும்.

அதனால் ஒரு பங்கை கறிக்கடை பிளாஸ்ட் ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு, மீதியை 4 டிகிரிக்குக் கீழே வைத்து, தினம் கொஞ்சமாக வெட்டுவதே புத்திசாலித்தனம். பொட்டலம் தட்டையாக, சுவரை ஒட்டி, இடைவெளி விட்டு. கல்லு மாதிரி ஆனபிறகு அடுக்கலாம்.

கரண்ட் போனால்? மூடியைத் திறக்காதவரை நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிரம்பினது 24 தான்.